தலைத்தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லை என்று
முந்தின நாளே போர்டில் எழுதிவிட்டார்கள்.
தில்ஷாத்தின் ஸ்கூட்டியில் ஒரு லிட்டர் பெட்ரோல்,
என் பையில் எலுமிச்சைச் சோறு.
வாலாஜா அணைக்கட்டில் ராத்திரி
ஷட்டரைத் தூக்கிவிட்டார்களாம்,
அவள் கொழுந்தன் சொன்னான்.

பாலாற்றில் தண்ணீர் என்றால்
ராணிப்பேட்டைக்காரர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திப்
பார்த்துவிட்டுப் போவார்கள்.
பார்த்தது போதும், இந்தத் தடவை கூடவே போகலாம் என்றாள்.

பனைவரிசை முடிகிற இடத்தில் அதைப் பிடித்தோம்.
காய்ந்த கால்வாயில் தண்ணீரின் நுனி.
நினைத்ததுபோல் பளிச்சென்று இல்லை.
ஒரு சாண் உயரம், ஆட்டுமந்தையின் நடை,
முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது
பழுப்பு நுரை, வேலமுள், குவார்ட்டர் பாட்டில்,
எறும்பு ஏறிய ஒரு தேங்காய் மட்டை.
பள்ளம் வந்தால் நிற்கும். நிரம்பும்.
அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நகரும்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கூடவே நடந்தார்
லஸ்கர் கன்னியப்பன்.
"அது வந்துகினே கீது,
நீங்க இன்னாத்துக்கு முன்னாடி ஓடறீங்க?"

நுரையில் சுழன்று வந்தது ஒரு தோல் துண்டு.
ஷூவின் மேல்பாகம், இன்னும் சோல் ஒட்டாதது.
இடது கால், ஏழாம் நம்பர்.
தையல் அங்குலத்துக்கு எட்டு.
எங்கள் லைனிலும் எட்டுதான்.
தில்ஷாத் அதைப் பார்த்தாள்,
நான் பார்க்காததுபோல் செருப்பைச் சரிசெய்தேன்.

முதல் ஊரில் கரையோரம் ஒரு நடுகல்.
வில் வளைத்தவன், காலடியில் மாடு,
தலைமேல் யாருடையதோ பச்சைப் பாவாடை உலர்ந்தது.
அடுத்த ஊரில் டீ குடித்து முடிப்பதற்குள்
தண்ணீர் எங்களைத் தாண்டிவிட்டது.
டீக்கடைக்காரர் சில்லறை தராமல்
மோட்டார் பார்க்க ஓடிவிட்டார்.

நாங்கள் அதை விட்டுவிட்டு மகேந்திரவாடிக்குப் போனோம்.
வெயிலில் தனியாகக் கிடக்கிற ஒற்றைப் பாறை,
அதைக் குடைந்த கோயில்.
ஊருக்குத் தன் பெயர், ஏரிக்குத் தன் பெயர்,
கோயிலுக்கும் தன் பெயரே வைத்த ராஜா.
"நானும்தான் ஸ்கூட்டிக்கு வச்சிருக்கேன்" என்றாள்
முன்பக்க ஸ்டிக்கரைத் துடைத்தபடி.
தூண்களுக்கு நடுவே சாப்பிட்டோம்.
கல் குளிர்ந்திருந்தது.
கழுவத் தண்ணீர் இல்லை, கையை நக்கிக்கொண்டோம்.

ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
தண்ணீர் வருதாம் என்றோம்.
பந்து போடப் போனவன் நின்று கேட்டான்:
"எத்தினி ஓவருக்குள்ள?"

ஆறு மணிவரை மதகில் உட்கார்ந்திருந்தோம்.
வரவில்லை.

திரும்பும் வழியில் ஹெட்லைட்டில் மின்னியது.
மணல் மூட்டை அடுக்கி மறித்திருந்தார்கள்.
எங்க தாங்கல் ரொம்பட்டும், அப்புறம் போவட்டும் என்று
பத்து இருபது பேர், நடுவில் கன்னியப்பன்,
ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் பட்டன் போன்.
இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது,
இரண்டு பக்கமும் கொசு இருந்தது.
தண்ணீர் மட்டும் சண்டை தெரியாத மாடுபோல்
மூட்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

எங்களைப் பார்த்ததும் அவர் கூட்டத்தைவிட்டு வந்து
என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
"ஏரில வுழுந்ததும் ரெண்டு ரிங் வுடறேன்.
எடுத்துடாத. காசு பூடும்."

திங்கட்கிழமை செல்போன்கள் லாக்கரில்.
பத்தரை மணி டீயில் எடுத்துப் பார்த்தேன்.
மிஸ்டு கால் ஒன்று, அதிகாலை மூன்று நாற்பது.
மூன்று மெஷின் தள்ளி தில்ஷாத்.
கையைத் தரையோடு மெதுவாக நகர்த்திக் காட்டினேன்.
நூலைப் பல்லில் கடித்தபடி தலையாட்டினாள்.

பெல் அடித்தது.
அடுத்த கட்டு என் மேஜையில் விழுந்தது.
இடது கால், ஏழாம் நம்பர்.